ஏர் ஃபில்டருக்கும் மெக்கானிக்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றி நீங்கள் எதை வெளியிட்டாலும் கடைசியில் "மெக்கானிக்கிடம் காட்டுங்கள்" என்று முடித்துவிடுகிறீர்கள். பிரேக், ஸ்டியரிங் என்றால் சரி, தெரியாதவர் கை வைக்கக் கூடாதுதான். ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்றிலிருந்து தூசியை வடிகட்டும் ஏர் ஃபில்டருக்கும் அதே அறிவுரையா? பல கார்களில் அது பத்து நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாது.

பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தெரியும், அதிலிருந்து தடிமனான குழாய் ஒன்று இன்ஜினுக்குப் போகும். இன்ஜினை அணைத்து, சூடு ஆறிய பிறகு கிளிப்புகளை (சில மாடல்களில் ஸ்க்ரூக்களை) கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகித ஃபில்டர். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொண்டு வெளியே எடுங்கள். பெட்டியின் அடியில் மணலும் காய்ந்த இலையும் செத்த பூச்சியும் கிடக்கும். அவை இன்ஜின் பக்கத்துக் குழாய்க்குள் விழாதபடி துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் பல கார்களில் அந்தக் குழாயில்தான் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது.

புது ஃபில்டரை வைத்ததும் அதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த வேலையில் கவனம் தேவைப்படும் இடமே இதுதான். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகப் புகுந்துவிடும், கூடவே போகும் தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரிக்கும். மூடி படியவில்லையா, அழுத்தித் திணிக்காதீர்கள். ஒன்று ஃபில்டர் கோணலாக இருக்கிறது, இல்லாவிட்டால் வேறு மாடலுக்கானதை வாங்கி வந்திருக்கிறோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும், அத்தனையும் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது. ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்று பலர் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்தபோது, கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் அடைபட்ட ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. கார்பரேட்டர் (கணினி இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலந்த பழைய கருவி) காலத்துப் பேச்சை இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

எப்போது மாற்றுவது என்பது காரோடு வந்த மேனுவலிலேயே இருக்கும். பெரும்பாலும் 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள், புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே. லேசாகக் கறுத்ததற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை, மடிப்புகளுக்கிடையே தூசி அப்பிக் கிடந்தால் மாற்றிவிடுங்கள். காகித ஃபில்டரை வேகமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் தண்ணீரில் கழுவிக் காயவைப்பதும் வேண்டவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தாலே தூசிக்கு வழி கிடைத்துவிடும். அப்புறம், ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் வேறு. கடையில் கேட்கும்போது இன்ஜின் ஃபில்டர் என்று தெளிவாகச் சொல்லி, மாடலையும் தயாரித்த வருடத்தையும் இன்ஜின் வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, புது கார்களின் படங்களுக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். வாரம் ஒரு கால் பக்கமாவது இப்படி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளுக்குக் கொடுங்கள், படத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்