பதிமூணு பேரி மரம்

கண்ணு, அப்பா எழுதறேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். ராசாத்தி காளக்கன்னு போட்டிருக்கு, மேட்டுக்காட்டு போர்ல தண்ணி பரவால்ல, சித்தப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் கெடக்கு, அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கறதில்ல, எடுத்தாலும் மீட்டிங்னு வெச்சிர்ற, அதனாலதான் வாட்ஸ்அப்ல இவ்வளவு நீளத்துக்கு டைப் பண்ணிட்டு இருக்கேன். ஒரே மூச்சுல படிக்க வேண்டாம், நேரம் கெடைக்கறப்ப படி.

சாப்பிடறியா? காலைல எட்டரைக்கு நான் காபி குடிக்கறப்ப போனை எடுத்துப் பாத்தா உன் லாஸ்ட் சீன் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடின்னு காட்டுது. அங்க அப்ப ராத்திரி மூணு மணி. இந்த மாசத்துல எடின்பர்க்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிருதுன்னு நீதான சொன்ன, அவ்வளவு நீள ராத்திரில தூங்காம என்ன பண்ற? கிரேக்க ஆராய்ச்சிப் படிப்புன்னு சொல்லுவ. படி, வேண்டாம்னு சொல்லல. பன்னெண்டு மணிக்கு புத்தகத்த மூடி வெச்சிட்டு படு.

அந்த ஆலிஸ் கோபர் அம்மா கதைய நீ போன வருஷம் சொன்னப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு, இப்படிப்பட்டவங்க பண்ணுன வேலையத்தான் நம்ம புள்ளையும் பண்ணுதுன்னு. அமெரிக்காவுல ப்ரூக்ளின்ல பகல் பூரா காலேஜ்ல லத்தீன் கிரேக்கம் பாடம் எடுத்துட்டு, ராத்திரி வீட்ல ஒக்காந்து க்ரீட் தீவுல கெடச்ச அந்தக் களிமண் பலகை எழுத்த, அதான் அப்ப யாராலயும் படிக்க முடியாம இருந்த லீனியர் பி, ஒவ்வொரு குறியா எண்ணி எழுதி வெச்சாங்க. யுத்த காலம், பேப்பர் பஞ்சம். பழைய வாழ்த்து அட்டை, சர்ச் நோட்டீஸ் எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி சுமார் 1,80,000 சீட்டு போட்டு, சிகரெட் அட்டைப்பெட்டியில அடுக்கி வெச்சிருந்தாங்கன்னு நீ சொன்னப்ப கணக்கு வாத்தியாரா இருந்த எனக்கு மேல் புல்லரிச்சுப் போச்சு. இப்ப அதே கதைய நெனச்சா வயித்தக் கலக்குது. அந்த அம்மா 1950ல போய்ட்டாங்க, 43 வயசு. ரெண்டு வருஷம் கழிச்சு 1952ல வென்ட்ரிஸ், முப்பது வயசு கூட ஆகாத ஆர்க்கிடெக்ட் பையன், அது பழைய கிரேக்க மொழிதான்னு கண்டுபிடிச்சான். அதப் பாக்க அவங்க இல்ல. அதே எழுத்துப் பலகை கெடச்ச கிரேக்க நாட்டு பைலோஸ் அரண்மனை எரிஞ்சப்ப அந்தத் தீயில வெந்ததாலதான் களிமண் பலகை கெட்டியாகி நம்ம கைக்கு வந்துச்சு, சரி, பலகை தீயில வேகலாம், மனுஷங்க வேகக் கூடாது கண்ணு. பன்னெண்டு மணிக்குப் படு.

நீ விட்டுட்டுப் போன ஒடிஸி புத்தகத்த, அதான் ட்ராய் யுத்தத்துக்குப் போன ராஜா ஒடிஸியஸ் இருபது வருஷம் கழிச்சு வீடு திரும்பற ஹோமரோட கிரேக்கக் காவியத்த, நான் படிச்சு முடிச்சிட்டேன். பங்குனில ஆரம்பிச்சது, டிக்‌ஷனரிய பக்கத்துல வெச்சுகிட்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம். 12,000 வரிக்கு மேல, 24 பாகம். அம்மா கேட்டா ரிட்டையர் ஆன மனுஷனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு. எல்லாரும் ஒத்தக்கண்ணன், சூனியக்காரி, கடல்ல பாடற பொண்ணுங்கன்னுதான் அந்தக் கதையப் பத்தி பேசறாங்க. எனக்கு அதெல்லாம் படிக்கறப்ப நல்லாருந்துச்சு, அப்பறம் மறந்து போச்சு. மறக்காதது 11வது பாகமும் 24வது பாகமும்தான்.

11ல செத்துப் போனவங்க இருக்கற எடத்துக்கு ஒடிஸியஸ் போறான், அங்க அவங்க அம்மா ஆன்ட்டிக்ளியா நிக்கறா. அம்மா செத்ததே அவனுக்கு அப்பதான் தெரியுது. என்ன நோவுன்னு கேக்கறான். நோவு ஒண்ணும் இல்லப்பா, உன்ன நெனச்சு ஏங்கித்தான் போய்ட்டேன்னு சொல்றா. கட்டிப்பிடிக்கப் பாக்கறான், மூணு தடவ, மூணு தடவையும் கை காத்துலதான் போவுது. அந்தப் பக்கத்த நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டல.

அப்பா லயர்ட்டீஸ் உசுரோட இருக்கான்னு அந்தம்மாதான் சொல்றா. ஊருக்குள்ளயே வர்றதில்ல, குளிர் காலத்துல அடிமைங்களோட அடுப்புச் சாம்பல் ஓரமாப் படுக்கறான், மழையில்லாத காலத்துல திராட்சைத் தோட்டத்துல உதுந்த எலை மேல. 24ல மகன் வந்து பாக்கறப்ப கெழவன் தனியா ஒரு செடிக்குப் பாத்தி கொத்திட்டு இருக்கான். அழுக்குத் துணி, ஒட்டுப் போட்டது. முள்ளு கிழிக்காம இருக்க காலுக்கு மாட்டுத் தோல் சுத்தியிருக்கான், கைக்கு உறை, தலைல ஆட்டுத்தோல் தொப்பி. மகன் ஒரு பேரி மரத்தடியில நின்னு அதப் பாத்து அழுவறான். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டியதுதான? அவன் பொண்டாட்டி பெனலோப்பியக் கட்டிக்கறேன்னு வந்த 108 பேர் அவன் வீட்டத் தின்னு தீத்துட்டு இருந்தாங்க, எல்லாரையும் முடிச்சாச்சு, பெத்த அப்பன்கிட்ட இனி என்ன மறைப்பு? ஆனா அவன் யாரோ வெளியூர்க்காரன் மாதிரி வந்து, தோட்டத்த நல்லா வெச்சிருக்கே பெரியவரே, உன்னத்தான் யாரும் பாத்துக்கல போல, அப்படின்னு பொய்ப் பேரு பொய் ஊரு சொல்லிட்டு நிக்கறான். உன் மகன எனக்குத் தெரியும், அஞ்சு வருஷம் முன்னாடி என் வீட்லதான் இருந்தான்னு அவன் சொல்லச் சொல்ல அந்தக் கெழவன் மண்ண அள்ளித் தலைல போட்டுக்கறான்.

அந்த எடத்துல நீ ஓரத்துல பென்சில்ல 'ஏன்?'னு எழுதியிருக்க. புத்தகம் பூரா இங்கிலீஷ்ல நோட்ஸ் எழுதுனவ அங்க மட்டும் தமிழ்ல. ரெண்டு தடவ அழுத்தி எழுதியிருக்க, பின்பக்கம் வரைக்கும் பதிஞ்சிருக்கு.

அலெக்சாந்திரியாவுல அரிஸ்டோஃபனீஸ், அரிஸ்டார்க்கஸ்னு ரெண்டு பெரிய பண்டிதங்க, 2,100, 2,200 வருஷத்துக்கு முன்னாடியே, ஒடிஸி 23வது பாகத்துல புருஷன் பொண்டாட்டி ஒண்ணு சேந்ததோட முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்கன்னு நீதான் சொன்ன. மிச்சம் ஒட்டவெச்சதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்களாமே. உன் ஆராய்ச்சில என்ன எழுதுவியோ எனக்குத் தெரியாது, நான் ஒத்துக்க மாட்டேன். அப்பன் இன்னும் தோட்டத்துல நிக்கறான், அதுக்குள்ள கதை எப்படி முடியும்?

அப்பறம் கெழவன் அடையாளம் கேக்கறான். மகன் தழும்பக் காட்டறான், அதோட நிறுத்தல, மரக் கணக்கு சொல்றான். சின்னப் பையனா உன் பின்னாடியே நடந்து ஒவ்வொரு மரமா பேரு கேட்டேன், நீ எனக்குன்னு குடுத்தது பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, இன்னும் 50 வரிசை திராட்சை தர்றேன்னு சொன்ன. கூட்டிப் பாத்தேன், 63 மரம். கணக்கக் கேட்டதும் கெழவனுக்கு முட்டி தளர்ந்து போவுது. எனக்கும் படிக்க முடியல, கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டேன்.

நான் உனக்கு என்ன குடுத்தேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன் கண்ணு. குடுத்தத விட எடுத்து ஒளிச்சு வெச்சதுதான் ஞாபகம் வந்துச்சு.

உன் டிகிரி சர்டிபிகேட் தொலைஞ்சுச்சே, அந்த வருஷம். நாலு நாள் வீட்டையே பொரட்டிப் போட்டோம், மெத்தையெல்லாம் தூக்கிப் பாத்த, அம்மா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிகிட்டா. அது தொலையல. பீரோல காட்டுப் பத்திரத்துக்கு அடியில நான்தான் வெச்சேன். கடைசித் தேதி போனப்பறம் பரண் மேல இருக்கற ட்ரங்குப் பெட்டியில நானே போட்டு, நானே எடுத்துக் குடுத்தேன். அம்மா சந்தோஷமா வெல்லம் வெச்சுக் கும்பிட்டா. உனக்கு அந்த வருஷ ஸ்காலர்ஷிப் போச்சு, ஒரு வருஷம் வீட்ல ஒக்காந்திருந்த, என் ராசி அப்படிப்பான்னு சொன்ன, நான் கேட்டுகிட்டு சும்மா இருந்தேன். துணிய நெய்ஞ்சு முடிச்சப்பறம்தான் கல்யாணம்னு சொல்லிட்டு பெனலோப்பி பகல்ல நெய்ஞ்சத ராத்திரில பிரிச்சாளே, அது மாமனாருக்கு, இந்த லயர்ட்டீஸுக்குப் போத்தற கோடித்துணிதான. நானும் பகல்ல உன்கூட சேந்து தேடிட்டு ராத்திரி பீரோவத் தெறந்து பத்திரமா இருக்கான்னு பாத்துட்டுப் படுத்தேன். அவள நாலாவது வருஷம் வேலைக்காரி ஒருத்தி காட்டிக் குடுத்துட்டா. என்ன யாரும் காட்டிக் குடுக்கல, நானேதான் சொல்ல வேண்டியிருக்கு.

கிரேக்கம் படிச்சா என்ன வேலை கெடைக்கும்னு அப்ப கத்துனேன், அது காரணமே இல்ல. நீ போனா திரும்ப வரமாட்டேன்னு பயம், அவ்வளவுதான். சொந்தக்காரங்ககிட்ட கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொன்னதும் நான்தான், உனக்கு அது தெரியும்னு நெனைக்கறேன்.

மூணு வாரம் முன்னாடி அம்மா படிப்பு எப்ப முடியும்னு கேட்டதும் நீ போன வெச்ச. அதுக்கப்பறம் 'நல்லாருக்கேன்பா'ன்னு மட்டும் மெசேஜ் வருது, தெனமும் அதே வார்த்தை. ரூம் ஏன் மாத்துனன்னு நான் கேக்கல.

உன் 'ஏன்?'க்கு எனக்குத் தோணுறத சொல்றேன், தப்பா இருந்தா திருத்து. போற எடமெல்லாம் பொய்யச் சொல்லித்தான் அவன் உசுரக் காப்பாத்திகிட்டான். அப்பன் முன்னாடி வந்து நின்னதும் நெசம் வாயில உடனே வரல, பழக்கம் விடல. கெழவன் மேல தப்பு எண்ணம் ஒண்ணும் இல்ல. ஒண்ணு பாத்தியா, மகன்தான்னு தெரிஞ்சப்பறம் லயர்ட்டீஸ் இருபது வருஷம் எங்கடா போனன்னு ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுக்குப் போய்க் குளிக்கறான், எல்லாரும் சாப்பிட ஒக்கார்றாங்க.

படிப்ப விட்டுட்டு வர்றதானாலும் வா, முடிச்சிட்டு வர்றதானாலும் சரி. டிக்கெட்டுக்கு பணம் தனியா போட்டு வெச்சிருக்கேன், அத வேற எதுக்கும் எடுக்க மாட்டேன். எண்ணெய் தேய்ச்சுக் குளி, அந்தக் குளிருக்கு வெந்நியில. பன்னெண்டு மணிக்குப் படு.

சர்டிபிகேட் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் சொல்றேன். ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவேன், எடு கண்ணு.

அப்பா