உங்கள் குதிரையின் தாளில் ஏன் மதிப்பெண் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"இது 1.60 மீட்டர் தாண்டுமா?" தடை தாண்டும் போட்டிக்காக மூன்று வயதுக் குதிரையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எங்கள் மதிப்பீட்டுத் தாளில் அப்படி ஒரு எண் இல்லையே என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஆள் ஏறாமல் தடை தாண்டவிடும்போது உயரம்தான் கண்ணைப் பறிக்கும். மிரண்ட குதிரையும் உயரமாகத்தான் எகிறும். தடையை நெருங்கும்போது தானாகக் காலடி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறதா, முன்னங்கால்களை இறுக மடக்குகிறதா, முதுகு வில்லாக வளைகிறதா என்று பார்க்கிறோம். அதைவிட முக்கியம், கம்பத்தில் ஒருமுறை கால் தட்டியபின் அடுத்த முறை என்ன செய்கிறது என்பது. பயந்து நின்றுவிடாமல், காலை மட்டும் இன்னும் நன்றாக இழுத்துக்கொண்டு வருகிற குதிரையைப் பார்த்தால் எங்களுக்கு மனம் நிறைந்துவிடும். தட்டியதைப் பொருட்படுத்தாத குதிரைக்கு எவ்வளவு பலம் இருந்தென்ன? போட்டியில் விழும் ஒவ்வொரு கம்பத்துக்கும் 4 தண்டப் புள்ளிகள். இந்தக் குணம் ஒரே நாளில் தெரியாது. சில வார இடைவெளியில் மூன்று முறையாவது பார்க்கிறோம்.

வம்சாவளி என்றால் தந்தை பெயரோடு நின்றுவிடாதீர்கள். புகழ்பெற்ற பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள்; ஜெயித்தவை மட்டும் பேசப்படும். பெட்டைக்குச் சினைக்காலமே 11 மாதம், ஈனும் குட்டிகள் சிலவே. அவை ஒவ்வொன்றும் என்ன ஆயின என்று கேளுங்கள்.

அப்படியும் காகிதம் ஏமாற்றும். பிரான்சின் ஜாப்லூ என்ற குதிரை 1.58 மீட்டர் உயரந்தான். தந்தையோ வண்டிப் பந்தயத்துக்கான டிராட்டர் இனம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை முன் நின்று, அதை ஓட்டிய வீரர் பியர் டுராண்டைக் கீழே தள்ளியது. அதே ஜோடி 1988 சியோலில் தனிநபர் தங்கம் வென்றது.

எக்ஸ்ரேயும் மரபணுச் சோதனையும் மட்டும் கட்டாயம். தோல் கிழியும் ஃபிரஜைல் ஃபோல் சிண்ட்ரோம் மரபணுவைத் தாய், தந்தை இருவரும் சுமந்தால், குட்டிக்கு அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தச் சேர்க்கைக்கு நாங்கள் எப்போதும் மறுப்போம்.

முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தாறு வயதாகும். அதுவரை உயரத்தை ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஆறு வயதில் மறுபடி அழைத்துவாருங்கள். அதே தாளின் கீழ்ப்பாதியை அதற்காகத்தான் காலியாக விட்டிருக்கிறோம்.

அன்புடன்,
பண்ணைக் குழுவினர்