ஒரே அப்பளத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்ப முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பளம், இட்லிப் பொடி, மசாலாப் பொடி ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பும் சிறு தயாரிப்பாளர்கள் மதுரையில் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளோ பெரும்பாலும் காகித வேலையோடு முடிந்துவிடுகின்றன. 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்குவது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், அபெடா எனும் வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையத்தில் பதிவு எல்லாம் தேவைதான். ஆனால் இவை சரியாக இருந்தும் சரக்கு தேங்குகிறது, திரும்பி வருகிறது. சரக்கு போய்ச் சேரும் ஊரில் அதை யார் வாங்குகிறார், எதோடு சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அப்பளத்தையே பாருங்கள். மதுரையின் சிந்தாமணியிலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் தேய்க்கிற அப்பளம் நமக்குச் சோற்றுக்குத் துணை. இங்கிலாந்தின் இந்திய உணவகங்களில் அது சாப்பாட்டுக்கு முன்பே மாங்காய்ச் சட்னியோடு மேசைக்கு வந்துவிடும். அங்கே கேட்பது பெரிய வட்டம். வீட்டுக்கு வாங்குகிறவர்களில் பலர் வாணலியில் எண்ணெய் காய வைப்பதே இல்லை, மைக்ரோவேவில் சுடுகிறார்கள். 'எண்ணெயில் பொரிக்கவும்' என்று ஒரு வரி அச்சிட்டால் அவர்களுக்கு என்ன பயன்? இருபுறமும் லேசாக எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக வைத்து, எத்தனை விநாடி என்று உங்கள் அப்பளத்தைச் சுட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும். 800 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் நேரம் மாறும். கனம் சீராக இல்லாத அப்பளம் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். வளைகுடாவில் நிலைமை வேறு. அங்கே மலையாளி வாடிக்கையாளர் நிறைய. புஸ்ஸென்று உப்பும் பப்படத்துக்குப் பழகிய அவர்கள் நம் தட்டை அப்பளத்தை இரண்டாம் முறை வாங்குவது அரிது. அவர்களுக்கென்று அப்பளக்காரத்தின் அளவையும் மாவின் கனத்தையும் மாற்றித் தனியாகப் போட வேண்டும்.

பலர் இடறுவது பெருங்காயத்தில்தான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். உளுந்து அப்பளம்தானே என்று நம்பி 'குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாதது' என்று அச்சடித்து அனுப்புகிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உடல்நலக் கேடு. பரிசோதனையில் தெரிந்தால் மொத்தச் சரக்கும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை உட்பொருள் பட்டியலிலேயே தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். கோதுமை, எள், கடுகு மூன்றும் அதில் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் 9 தான். அதில் கடுகு கிடையாது. எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்துவிட்டது. கனடாவில் கடுகையும் சொல்லியாக வேண்டும், அதுவும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழியிலும். ஆக, பட்டியலும் மொழியும் இப்படி நாட்டுக்கு நாடு மாறுவதால், இட்லிப் பொடிக்கு ஒரே லேபிளை அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்ப வழியில்லை. அரிசி மாவில் செய்த பெருங்காயம் கிடைக்கிறது. அதை வாங்கினாலும், கோதுமை அரைக்கும் அதே மில்லில் உளுந்தை அரைத்தால் பயனில்லை.

மசாலாப் பொடியில் சிக்கல் இன்னும் ஆழம். கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயு பாய்ச்சிய பொடிக்கு அமெரிக்கா 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) வரை எச்சம் அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் வரம்பு 0.1 மட்டுமே. நியூயார்க்கில் இறங்கும் சரக்கு ஹாம்பர்க்கில் நின்றுவிடுவது இதனால்தான். 2024 ஏப்ரலில் ஹாங்காங், சிங்கப்பூர் அதிகாரிகள் சில இந்திய மசாலாக்களைக் கடைகளிலிருந்து அகற்றச் சொன்னதும் இதே வாயுவுக்காகத்தான். ஐரோப்பாவுக்கு நீராவி முறையே பொருந்தும். மல்லியையும் மிளகாயையும் முழுசாக நீராவியில் கொடுத்து, நன்கு உலர்த்தி, பிறகு சுத்தமான இடத்தில் அரைக்க வேண்டும். அரைத்த பின் கொடுத்தால் பொடி கட்டி தட்டும், நிறமும் மணமும் இறங்கும். மிளகாயில் அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. ஈரத்தோடு குவித்து வைத்த வத்தலிலும் மண் தரையில் காய்ந்த வத்தலிலும் இந்த நஞ்சு சேரும்; அரைப்பதால் அது போகாது. எனவே சோதனையை வத்தல் வாங்கும்போதே செய்துவிட வேண்டும்.

தமிழர் வாங்குவார்கள் என்பதற்காக நம் ருசியே போதும் என்று நினைப்பதும் தவறு. டொரன்டோவிலும் லண்டனிலும் உள்ள ஈழத் தமிழர் வீடுகளில் புழங்குவது நன்கு வறுத்து அரைத்த கருஞ்சிவப்புத் தூள். நம் சாம்பார் பொடி அதற்கு ஈடாகாது. மூன்று நான்கு குடும்பங்களிடம் மாதிரி கொடுத்துச் சமைக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பெரிய ஆர்டருக்கு இறங்க வேண்டும்.

உறை விஷயத்திலும் கவனம் வேண்டும். சாமி படம் போட்ட பாக்கெட்டை வளைகுடாவில் பல கடைகள் தயங்கியே வாங்கும்; காலி உறை குப்பைக்குப் போவதால் பக்தியுள்ள நம்மவர்களுக்கும் அது மனக்கஷ்டம். ஸ்வஸ்திகா ஜெர்மனியில் நாஜிகளையே நினைவூட்டும், வேண்டவே வேண்டாம். ஜப்பானில் நான்கு உயிரிழப்பை நினைவூட்டும் எண் என்பதால் நான்கு பாக்கெட் பரிசுப்பெட்டி விலை போகாது. 05/06 என்று தேதி போட்டால் அமெரிக்கர் மே 6 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

மாவட்டத் தொழில் மையத்துக்கு எங்கள் கோரிக்கை இது: அச்சகத்துக்குப் போகும் முன் லேபிளின் மாதிரியை நாடுவாரியாகச் சரிபார்த்துத் தர ஒரு மேசை வையுங்கள். உணவு ஆய்வகக் கட்டணத்தைச் சிறு தயாரிப்பாளர்கள் பத்துப் பேர் பகிர்ந்து கட்ட வழி செய்யுங்கள். ஓணம், தீபாவளி சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலை முடிந்தாக வேண்டும் என்பதால், ஆண்டுத் தொடக்கத்திலேயே அதைத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
உணவுப் பொருள் ஏற்றுமதி ஆலோசகர்கள்,
கீழமாசி வீதி, மதுரை.