நாளைக்கே அவகிட்ட சொல்லிடு, தம்பி

கும்பகோணம்
12.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதறேன். உன் பாப்பா இப்பதான் தூங்கினா. ஆஸ்பத்திரியில இருக்கற உன் பொண்டாட்டி வயித்துல வளர்ற ரெட்டைக் குழந்தைங்களைப் பத்தி காலையில நீ போன்ல சொன்னதே நாள் பூரா மனசுல ஓடிக்கிட்டிருக்கு. "சின்னது எடை ஏறலைம்மா. அவகிட்ட சொல்லலை. பயந்துடுவா, பிரஷர் ஏறிடும். நீயும் வாய் தவறிச் சொல்லிடாதே"ன்னு வராந்தாவுல நின்னுக்கிட்டு ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு வச்சுட்டே. நான் சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. அந்த நேரத்துல வாய் வரலை. அதுக்கான பதிலைத்தான் இப்ப எழுதறேன்.

என்னால மறைக்க முடியாது தம்பி. நீயும் மறைக்கக்கூடாது.

உன் தங்கச்சியோட இன்னொண்ணு பிறந்து தங்கலைன்னு உனக்குத் தெரியும். அதுக்கு மேல நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. "இந்த நேரத்துல அந்தக் கதையெல்லாம் எழுதாதே அக்கா, அபசகுனம்"னு உன் சித்தி தடுத்தா. ஆனா உன் பொண்டாட்டிக்கு அந்தக் கதை முழுசாத் தெரியும். மூணாம் மாசம் ஸ்கேன்ல ரெண்டுன்னு தெரிஞ்சதும் அவளே என்கிட்ட கேட்டா, சொன்னேன். நம்ம வீட்டுல தெரியாத ஆள் நீ ஒருத்தன்தான்.

1990. எனக்கு 28 வயசு. உனக்கு நாலு முடிஞ்சிருந்தது. உன்னை ஆத்தா வீட்டுல விட்டுட்டு, ஏழாம் மாசம் கால் வீங்கி, பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில சேர்ந்தேன். 23 நாள் படுத்திருந்தேன். நானே கிராம சுகாதார செவிலியர். ஊர் ஊராப் போய் எத்தனையோ பொம்பளைங்களுக்கு பிரஷர் பார்த்து, "முகம் வீங்கியிருக்கு, உடனே போ"ன்னு அனுப்பி வச்சவ. நம்மளே அந்தக் கட்டில்ல படுக்கறது வேற மாதிரி இருந்தது. அதுவரைக்கும் எல்லாரும் என்கிட்ட கேள்வி கேட்பாங்க. அங்கே என் தலைமாட்டுல நின்னு என்னைப் பத்தியே பேசுவாங்க, என் முகத்தைப் பார்க்கமாட்டாங்க.

பொம்பளை வார்டுல ஆம்பளைங்களை சாயங்காலம் நாலுலேருந்து ஆறு வரைக்கும்தான் விடுவாங்க. உங்கப்பா திருபுவனத்துல தறியை நிறுத்திட்டு பஸ் பிடிச்சு வருவார். முதல் ரெண்டு நாள் என்ன பேசறதுன்னு தெரியாம தூக்குவாளியைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னார். மூணாம் நாள் என் தலையைப் பார்த்தார். ஒரு கையில ட்ரிப்ஸ் ஊசி, இன்னொரு கையைத் தூக்கினா மூச்சு வாங்கும், எங்கே தலை வாரறது? சிக்குப் பிடிச்சுக் கிடந்தது. சீப்பைக் கேட்டு வாங்கி, கட்டில் விளிம்புல உட்கார்ந்து, நுனியிலேருந்து சிக்கு எடுக்க ஆரம்பிச்சார். வேரைப் பிடிச்சு இழுக்கலை. பட்டு நூல்ல பழகின விரல் இல்லையா, அறுந்த இழையை முடி போடறப்போ எவ்வளவு மெதுவா இருப்பாரோ அவ்வளவு மெதுவா. எண்ணெய் தொட்டு, மூணு பிரியா எடுத்து, இறுக்கமாப் பின்னி, நுனியில நூல் கட்டினார். எதிர்க் கட்டில் பொம்பளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவர் தலை நிமிரவே இல்லை. அப்புறம் தினமும் அதுதான். காலையிலேருந்து நான் நாலு மணிக்காகக் காத்திருப்பேன்.

இவ்வளவு செஞ்ச மனுஷன்தான் அதையும் செஞ்சார்.

எட்டு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ரெண்டும் பொண்ணு. பெரியது ஒண்ணே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, சின்னது ஒரு கிலோ 100 கிராம். நான் மயக்கத்துல இருந்தேன். முழிச்சப்போ ரெண்டும் குழந்தைங்க வார்டுல இருக்குன்னாங்க. தையல் வலியில எழுந்து நடக்க முடியலை, கேட்டாலும் தொற்று வரும்னு தாயை உள்ளே விடாத காலம் அது. சின்னது ரெண்டாம் நாள் ராத்திரி போயிடுச்சு. மூணாம் நாள் உங்கப்பா வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார். தலை வாரினார். "ரெண்டும் நல்லா இருக்கு"ன்னார். நாலாம் நாளும் அதையேதான் சொன்னார். அன்னிக்குப் பின்னல் நிக்கவே இல்லை, ரெண்டு தடவை அவிழ்த்துப் பின்னினார். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் கேட்கலை. அஞ்சாம் நாள் காலையில படுக்கை மாத்த வந்த ஆயா, "விடும்மா, ஒண்ணாவது தங்கிச்சே"ன்னுச்சு.

அதோட முகத்தை நான் பார்க்கலை. அரசலாத்தங்கரையில உங்கப்பாவும் பெரியப்பாவும் போய் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்காங்க.

அவர் மேல தப்புன்னு சொல்ல வரலை. "அவளுக்கு பிரஷர் ஏறிடும், சொல்லாதே"ன்னு சுத்தி இருந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. நீ காலையில சொன்ன அதே வார்த்தை. அவர் தனியா அந்தத் துணியை ஏந்திக்கிட்டுப் போய், தனியா திரும்பி வந்து, என் பக்கத்துல உட்கார்ந்து சீப்பைப் பிடிச்சிருக்கார். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அதுக்கப்புறம் 26 வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அந்தக் குழந்தையைப் பத்தி ஒரு நாள்கூடப் பேசினதில்லை. முதல்ல மறைச்சதை அப்புறம் எடுக்க வழி தெரியலை ரெண்டு பேருக்கும்.

இன்னொண்ணும் சொல்றேன். காரணம் சொல்லாம விட்டா பொம்பளை தானே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்குவா, அது எப்பவும் அவ மேலதான் வந்து நிக்கும். ஆறாம் மாசம் வரைக்கும் சைக்கிள் மிதிச்சு ஃபீல்டுக்குப் போனேன். அதனாலதான் சின்னது போச்சுன்னு எத்தனையோ வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் படிச்ச படிப்பு அதைத் தடுக்கலை.

உன் பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? ஸ்கேன் ரூம்ல படுத்திருக்கறவ கண் திரையில இருக்காது தம்பி, டாக்டர் முகத்துலதான் இருக்கும். ஒரு குழந்தையை ஒரு தடவை அளந்துட்டு, இன்னொண்ணை மூணு தடவை அளந்தா அவளுக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணினா. "அத்தை, ரெண்டாவது வளரலையா? இவர் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறார்"னு கேட்டா. எனக்கு அப்ப விவரம் எதுவும் தெரியாது. "அவன்கிட்டயே கேளும்மா, சொல்லுவான்"னேன். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை கேட்டா பொய் சொல்லமாட்டேன்.

எப்படிச் சொல்றதுன்னு கவலைப்படாதே. நடந்ததை நடந்தபடி சொல்லு. ரெண்டு பேரும் ஒரே நஞ்சுக்கொடியிலேருந்து வாங்கறாங்க, பங்கு சமமா விழலை. ஒருத்தர் 1,200 கிராம், இன்னொருத்தர் 900. அவ சாப்பிட்டது பத்தலைன்னோ, நடந்துட்டான்னோ இது வரலை. இந்த வார்த்தையை மட்டும் விட்டுடாதே, ரெண்டு தடவை சொல்லு. கொடியில ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு டாக்டர் டாப்ளர் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டிருக்கார், அதை வச்சுத்தான் எப்ப எடுக்கணும்னு முடிவு பண்ணுவாங்கன்னு சொல்லு. உனக்குப் புரியலைன்னா டாக்டரை அவ கட்டில் பக்கத்துலயே நின்னு பேசச் சொல்லு. வராந்தாவுக்கு உன்னைத் தனியாக் கூப்பிட்டா போகாதே. "டாக்டர், அவளும் கேட்கட்டும்"னு சொல்லிடு. அழுவா. அழட்டும். பிரஷருக்கு மாத்திரை கொடுக்கறாங்க, அதை டாக்டர் பார்த்துக்குவார்.

நுரையீரலுக்கு ஊசி போட்டாச்சுன்னியே, அதைக் கேட்டதும் நான் சாமி ரூமுக்குப் போய் நின்னுட்டேன். 2014ல எங்களுக்கு ஒரு பயிற்சி வச்சாங்க. குறைமாசத்துல வலி வந்தா, நுரையீரலுக்குப் போடற டெக்சாமெத்தசோன்ங்கற மருந்தோட முதல் ஊசியை நாங்களே போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு அரசாங்கம் அனுமதி கொடுத்த வருஷம். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. குறைமாசக் குழந்தை மூச்சுக்குத் தவிக்காம இருக்க அது உதவும்னு நியூசிலாந்துல லிகின்ஸ், ஹவின்னு ரெண்டு டாக்டருங்க 1972லயே எழுதிட்டாங்களாம். 1972! என் சின்னது பிறந்தது 1990. எனக்கு அந்த ஊசியை யாரும் போடலை. போட்டிருந்தா தங்கியிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா அன்னிக்குப் பயிற்சி முடிஞ்சு பஸ்ஸுல வர்றப்போ வழி பூரா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தேன். உன் குழந்தைங்க ரெண்டுக்கும் அது போட்டாச்சு. அவளுக்கு இதையும் சொல்லு. கெட்டதை மறைச்சா, நீ நல்லதைச் சொல்றப்பவும் அவ நம்பமாட்டா.

இனி கட்டில் பக்கத்து வேலை. தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி, மங்கற மாதிரி, நெஞ்சுக் குழிக்குக் கீழே வலி, இது எதைச் சொன்னாலும் "கொஞ்சம் படு, சரியாயிடும்"னு சொல்லாதே. அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடு. அசைவு குறைஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னாலும் அப்படித்தான். அசைவு எப்படி இருக்குன்னு அவளுக்குத்தான் முதல்ல தெரியும். இதயத் துடிப்பு பார்க்க பெல்ட் கட்டறப்போ நீ பக்கத்துல இரு. ரெட்டைன்னா ரெண்டாவது துடிப்பு சீக்கிரத்துல கிடைக்காது, சில சமயம் ஒரே குழந்தையோடதையே ரெண்டு தடவை பிடிச்சுடும். அவங்க தேடற அந்த நேரம் அவளுக்கு யுகம். கையைப் பிடிச்சுக்கோ, வேற ஒண்ணும் வேண்டாம்.

அசையாம படுத்தே கிடக்கணும்னு சம்பந்தியம்மா சொல்றாங்களாம். டாக்டர் அப்படிச் சொல்லியிருக்காரான்னு கேளு. வெறுமனே கிடந்தா கால்ல ரத்தம் கட்டும். அதுக்குத்தான் அந்த இறுக்கமான சாக்ஸ். நடக்கவிட்டா பாத்ரூம் வரைக்கும் நீ கூடப் போ. இல்லைன்னா பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லு, மணிக்கு ஒரு தடவை.

ராத்திரியெல்லாம் சம்பந்தியம்மாவே இருக்காங்க, அவங்களுக்கு சர்க்கரை வேற. வாரத்துல மூணு ராத்திரி நீ இரு. பகல்ல கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதை நான் கணக்குல சேர்க்கமாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அவளுக்குப் பயம் வரும். குழந்தை பிறந்தா அப்பாவுக்கு உன் ஆபீஸ்ல அஞ்சு நாள்தான் லீவுன்னே. மத்திய அரசு வேலையா இருந்தா 15 நாள், தனியார்ல சட்டமே கிடையாது, என்ன செய்ய. அந்த அஞ்சு நாளைத் தொடாதே. குழந்தைங்க வெளியே வந்தப்புறம் வேணும். சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சோட அணைச்சுக்க தகப்பனும் வேணும். 1978ல கொலம்பியாவுல பொகோட்டா ஊர் ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் பத்தாமப் போனப்போ எட்கர் ரேன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச முறை, இப்ப நம்ம ஊர் வரைக்கும் வந்துடுச்சு. ரெண்டு குழந்தைக்கு ரெண்டு நெஞ்சு வேணும் இல்லையா?

பார்க்க வர்றவங்களைக் குறைச்சுடு. என் பேரைச் சொல்லு, "அம்மா வேண்டாம்னுட்டாங்க"ன்னு. பொல்லாப்பு எனக்கு வரட்டும்.

பாப்பா நல்லா இருக்கா. முதல் ரெண்டு ராத்திரி அழுதா, இப்ப இல்லை. போன வாரம் ஆடிப்பூரத்துக்கு அம்மன் கோயில்ல வளையல் கொடுத்தாங்க. அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம்னேன். "அம்மா கையில ஊசி இருக்கு ஆத்தா, போட முடியாது"ன்னு சொல்லி, ஒரு டப்பாவுல பத்திரமா எடுத்து வச்சிருக்கா. ஊசி எடுத்த அன்னிக்குப் போடணுமாம். தம்பியா பாப்பான்னு தெரியாததால ரெண்டு கலரா வாங்கினா, பச்சையும் சிவப்பும். அவகிட்டயும் நான் எதையும் மறைக்கலை. ரெண்டு குழந்தையும் ரொம்பக் குட்டியாப் பிறக்கும், கண்ணாடிப் பெட்டியில கொஞ்ச நாள் இருக்கும்னு சொல்லியிருக்கேன். "எவ்வளவு குட்டி"ன்னு கேட்டா. ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் மடியிலயே வச்சுக்கிட்டிருந்தா.

நாளைக்குக் காலையில பெரியப்பா சென்னைக்கு வர்றார், மதியத்துக்குள்ள உன்கிட்ட வந்துடுவார். இந்தக் கடிதத்தையும் ஒரு பையையும் கொடுத்தனுப்பறேன். துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன உங்கப்பாவோட பழைய வேட்டி நாலு, கொதிக்க வச்சு உலர்த்தியிருக்கேன். கோடு போட்ட நோட்டு ஒண்ணு, டாக்டர் சொல்றதை எழுத. ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், அகலப் பல் வச்ச மரச் சீப்பு. சிக்கை நுனியிலேருந்து எடு. பின்னத் தெரியலைன்னா வீடியோ கால்ல பாப்பாவைக் கேளு, பொம்மைக்கு நல்லாப் பின்றா.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவ எனக்குப் போன் பண்ணுவா. அதுக்கு முன்னாடி சொல்லிடு.

அம்மா