இஸ்ரேல் விமானப் படையின் விமானிகளுக்கு

விமானிகளுக்கும், அவர்களுக்கு இலக்குக் குறித்துத் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2002 ஜூலை 22 இரவு உங்கள் படையின் எஃப்-16 ஒன்று காசா நகரத்தின் தராஜ் பகுதியில் ஒரு டன் எடையுள்ள குண்டைப் போட்டது. குறி, ஹமாஸின் ஆயுதப் பிரிவுக்குத் தலைவராக இருந்த சலாஹ் ஷெஹாதே. அவர் செத்தார், அவருடைய உதவியாளரும் செத்தார். கூடவே பொதுமக்கள் 13 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குண்டு போடும்போது விமானிக்கு என்ன தோன்றும் என்று அப்போதைய விமானப் படைத் தளபதி டான் ஹலூட்ஸிடம் உங்கள் நாட்டுப் பத்திரிகை ஒன்று கேட்டது. குண்டு கழன்றதும் விமானம் லேசாக அதிரும், ஒரு நொடியில் அது போய்விடும், அவ்வளவுதான் என்றார் அவர்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் உங்களில் 27 பேர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மக்கள் குடியிருக்கும் இடங்களைத் தாக்கச் சொல்வது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது, இனி அதில் பங்கெடுக்க மாட்டோம் என்று எழுதினார்கள். அவர்களில் இஃப்தாஹ் ஸ்பெக்டரும் ஒருவர். 1981-இல் ஈராக்கின் அணு உலையைத் தாக்கப் பறந்தவர் அவர். கோழை என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் துரோகிப் பட்டம் வந்தது, பணியில் இருந்தவர்களுக்கு வேலை போனது. உங்களுக்கு எழுதினால் பயன் இருக்கும் என்று நான் நம்புவதற்கு அந்த 27 பேர்தான் காரணம்.

நான் வன்னியில் வளர்ந்தவன். இலங்கை விமானப் படை 1996 முதல் உங்கள் நாட்டிலிருந்து வாங்கிய கிபிர் விமானங்களின் சத்தம் என் தலைமுறைக்கு நன்றாகப் பழக்கம். கேட்டவுடன் பங்கருக்குள் ஓடுவோம். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை என்ற சிறுமியர் இல்ல வளாகத்தின் மீது குண்டு போட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். அவர்கள் புலிகளிடம் பயிற்சி பெற வந்தவர்கள் என்றது அரசாங்கம். பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். மேலே ஒரு நொடியில் போய்விடும் அந்த அதிர்வு கீழே எப்படி வந்து சேரும் என்று எனக்குத் தெரியும்.

2023 அக்டோபர் 7-ஐ ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச நான் வரவில்லை. ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெஏரி கிராமத்தில் விவியன் சில்வர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். காசாவின் நோயாளிகள் இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர உதவியவர், சமாதானத்துக்காகப் பெண்களைத் திரட்டியவர், வயது 74. எந்த விடுதலையின் பெயரைச் சொன்னாலும் இது குற்றம்தான். எங்கள் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களும் 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்வதில்லை. ஹமாஸுக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, அவர்கள் அப்படிச் செய்ததால் உங்களைக் கட்டிய விதி அவிழ்ந்துவிடுமா? அதே அக்டோபர் 7 பிற்பகலில் உங்கள் படைக்கு ஒரு உத்தரவு வந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2024 டிசம்பரில் வெளியிட்ட விசாரணை சொல்கிறது. ஒரு தாக்குதலில் பொதுமக்கள் 20 பேர் வரை சாகக்கூடும் என்றாலும், இடைநிலை அதிகாரியே அனுமதி கொடுக்கலாம் என்பதுதான் அந்த உத்தரவு. பெரிய தளபதி என்றால் நூறையும் தாண்டலாம் என்று அனுமதி கிடைத்த தாக்குதல்களும் உண்டு. அந்த எண்ணிக்கைக்குள் வரும் மனிதர்கள் யார், எந்த மாடியில் படுத்திருந்தார்கள், அந்தக் குறிக்கு அவர்கள் உயிர் ஈடாகுமா என்று ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் போர்ச் சட்டம். முன்கூட்டியே ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த யோசனை நடப்பதே இல்லை.

இது வெளியாள் சொல்லும் அறிவுரை இல்லை. உங்கள் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில், குறிவைத்துக் கொல்வது பற்றிய வழக்கில், தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அஹரோன் பராக் அதில் ஓர் உதாரணமும் தந்தார். ஒருவன் வீட்டு முகப்பில் நின்று துப்பாக்கியால் சுடுகிறான். அவனைத் திருப்பிச் சுடும்போது வழியில் போன ஒருவருக்கு அடிபட்டாலும் அது அளவுக்குள் அடங்கும். அதே கட்டடத்தை வானிலிருந்து குண்டு போட்டு, குடியிருப்பவர்களும் வழிப்போக்கர்களும் பலர் பாதிக்கப்பட்டால் அது அடங்காது. 2023 அக்டோபர் 31 அன்று ஜபாலியா முகாமில் ஒரே ஒரு ஹமாஸ் தளபதியைக் குறிவைத்துக் குண்டுகள் போடப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பராக்கின் உதாரணத்தில் எந்தப் பக்கம் இது சேரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எச்சரித்துவிட்டுத்தானே தாக்கினோம் என்பீர்கள். போர் தொடங்கும் முன் பெண்களும் நோயாளிகளும் அரண் தேடிப் போங்கள், அம்பு விடப் போகிறோம் என்று அறிவித்த ஓர் அரசனைப் புகழும் பழைய பாட்டு எங்களிடம் உண்டு. போய்ச் சேர ஓர் அரண் இருந்ததால்தான் அந்த அறிவிப்புக்குப் பொருள் இருந்தது. 2023 அக்டோபர் 13 அன்று வட காசாவின் 11 லட்சம் பேரை 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னீர்கள். பிறகு கடலோரத்து மவாசியைப் பாதுகாப்பான பகுதி என்று வரைபடத்தில் காட்டினீர்கள். கூடாரம் போட்டு மக்கள் அங்கே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 2024 ஜூலை 13 அன்று அந்த மவாசியிலேயே குண்டுகள் விழுந்தன. ஹமாஸின் ஆயுதப் பிரிவுத் தலைவர் முகம்மது தெய்ஃப் அதில் கொல்லப்பட்டார், உண்மைதான். குறைந்தது 90 பேர் இறந்தார்கள் என்று காசாவின் சுகாதார அமைச்சு சொன்னது. உங்கள் சொல்லை நம்பி அங்கே வந்தவர்களுக்கு என்ன பதில்?

ஹமாஸ் மக்களைக் கேடயமாக வைத்திருந்தது என்ற பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன், முள்ளிவாய்க்காலில். 2009-இல் புலிகள் மக்களை வெளியேற விடவில்லை, தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் ஷெல் அடித்தது, மருத்துவமனைகளின் மீதும் அடித்தது. ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் இரண்டையும் இரண்டு தனிக் குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்தது. கேடயமாக நிறுத்தியவன் குற்றவாளி. அதைத் தெரிந்துகொண்டே அடித்தவனும் அவனுடைய பாவத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் நடுவில் நிற்பவர் இரண்டு பேரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

கஃபர் காசிம் கிராமத்தில் நடந்ததை உங்களுக்குப் படைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். 1956 அக்டோபர் 29 மாலை ஐந்து மணிக்கு ஊரடங்கு என்று திடீரென அறிவித்தார்கள். வயலிலும் வேலைத்தலங்களிலும் இருந்தவர்களுக்கு அது தெரியாது. வீடு திரும்பியவர்களை எல்லைக் காவல் படை சுட்டது. ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள், உங்கள் நாட்டின் சொந்தக் குடிமக்கள், அரபுகள். வெளியே நிற்பவரைச் சுடு என்ற அதே கட்டளை பக்கத்து ஊர்களுக்கும் போயிருந்தது. அங்கே நின்ற சில அதிகாரிகள் வந்தவர்களை வீட்டுக்குப் போக விட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி பெஞ்சமின் ஹலேவி, அப்பட்டமாகச் சட்டவிரோதமான கட்டளையின் மேல் கறுப்புக் கொடி பறக்கும், அதைக் கண்டும் கீழ்ப்படிந்தவன் கட்டளையைக் காட்டித் தப்ப முடியாது என்று தீர்ப்பெழுதினார். அப்புறம் தண்டனைகள் குறைந்தன, சில ஆண்டுகளில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு. அது எனக்குக் கசப்புத்தான். ஆனாலும் தீர்ப்பு நிற்கிறது, அது உங்களுக்காக எழுதப்பட்டது.

2025 அக்டோபர் 10-இல் போர்நிறுத்தம் வருவதற்குள் காசாவில் 67,000-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். இது சுகாதார அமைச்சின் கணக்கு, இதில் போராளிகளும் அடக்கம். போர்நிறுத்தத்துக்குப் பிறகும் அதே மாதத்தில் மீண்டும் குண்டுகள் விழுந்தன. 2025 ஏப்ரலில் ஏறத்தாழ ஆயிரம் பேர், உங்கள் படையின் ரிசர்வ் வீரர்களும் ஓய்வு பெற்றவர்களும், பணயக்கைதிகளை மீட்கப் போரை நிறுத்துங்கள் என்று கையெழுத்திட்டார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தில் காசாவின் மக்கள் கடைசியில்தான் வருகிறார்கள். 27 பேரின் கடிதத்தில் அவர்கள்தான் முதல் காரணம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. இனி ஒருமுறை இலக்குத் தரப்பட்டால், அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பறக்கும் முன் கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தாலோ, பதிலைக் கேட்டு உங்கள் மனம் மறுத்தாலோ பறக்காதீர்கள்.

இரண்டாவது, பேசுங்கள். சர்வதேச நீதிமன்றத்தில் 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கு இருக்கிறது. காசாவில் நடந்தது இனப்படுகொலை என்று நவி பிள்ளை தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் முடிவுக்கு வந்திருக்கிறது. உங்கள் அரசு அதை மறுக்கிறது. எந்த நாள், எந்தக் கட்டடம், எத்தனை எடைக் குண்டு, எத்தனை பேர் உள்ளே இருப்பதாகச் சொன்னார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எழுதி வையுங்கள், விசாரிப்பவர்களிடம் கொடுங்கள். செஞ்சோலையை இலக்காகக் குறித்தது யார் என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஜபாலியாவிலும் மவாசியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வன்னியைச் சேர்ந்த ஒருவன்