கைப்பிடியை இழுத்தவனிடம் கணக்குக் கேட்காதீர்கள்

அமெரிக்காவில் சிறு விமானங்களுக்குக் காப்பீடு வழங்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் டெக்சஸில் வசிக்கும் தமிழன். மூன்று நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கிய பழைய சிர்ரஸ் எஸ்.ஆர்.22 விமானத்தில் வார இறுதிகளில் பறப்பவன். இங்கே பறக்கும் மற்ற தமிழர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் ஒன்று கேட்டேன். விமானத்தையே தாங்கி இறக்கும் பாரசூட்டை விரிக்க, தலைக்கு மேலுள்ள சிவப்புக் கைப்பிடியை நான் இழுத்துவிட்டால், இழப்பின் முதல் பகுதியை எங்கள் கையிலிருந்து கட்ட வேண்டுமா? அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறுமா? "சூழ்நிலையைப் பொறுத்தது" என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் குறை சொல்கிறேன்.

கைப்பிடியை இழுத்தால் பின்னாலிருந்து ஒரு சிறு ராக்கெட் பாய்ந்து பாரசூட்டை இழுத்துச் செல்லும். பயணிகளோடு முழு விமானமும் அதில் தொங்கியபடி இறங்கும். தரையில் மோதும் வேகம், சுமார் 13 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இருக்கைகளும் சக்கரக் கால்களும் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆட்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவார்கள். விமானம்தான் பல நேரங்களில் தேறாது.

சிர்ரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி, சிதைந்த இறக்கையுடன் தரையிறங்கியவர். மற்ற விமானி பிழைக்கவில்லை. இந்தப் பாரசூட்டின் வேர் அங்கே இருக்கிறது. 2002 அக்டோபரில், எங்கள் ஊருக்குப் பக்கத்து லூயிஸ்வில்லில், பராமரிப்பு முடிந்து வந்த ஒரு சிர்ரஸின் இறக்கையில் அசையும் பாகம் கழன்றது. விமானி கைப்பிடியை இழுத்தார், காயமின்றி இறங்கினார். சிர்ரஸ் பாரசூட் காப்பாற்றிய முதல் உயிர் அது. 2021 மே மாதம் டென்வர் அருகே ஒரு சரக்கு விமானத்தோடு மோதிய சிர்ரஸில் இருந்த இருவரும் இப்படியே பிழைத்தார்கள்.

இவையெல்லாம் வேறு வழியே இல்லாத தருணங்கள். என் கவலை, வழி இருப்பதுபோலத் தோன்றும் தருணம் பற்றியது. என்ஜின் நின்றுவிட்டது, கீழே ஒரு வயல் தெரிகிறது. நன்றாக இறக்கினால் விமானமும் தப்பும். ஒரு வாய்க்காலோ மின்கம்பியோ குறுக்கிட்டால் எல்லோரும் போவோம். அந்த நொடியில் "சூழ்நிலையைப் பொறுத்தது" என்ற குரல் விமானியின் காதில் ஒலிக்கக் கூடாது. யோசிக்கும்போதே உயரம் கரைகிறது. பாரசூட் முழுதாக விரிவதற்கே சில நூறு அடி வேண்டும்.

உங்கள் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. என் பாலிசியில், விபத்தில் பிறருக்கு நேரும் இழப்புக்கு நீங்கள் கொடுக்கும் மொத்த உச்சத்தொகை பத்து லட்சம் டாலர்; ஆனால் பயணி ஒருவருக்கு ஒரு லட்சம்தான் உச்சவரம்பு. மூன்று பயணிகள் என்றால் மூன்று லட்சம். எங்கள் பழைய விமானத்தின் மதிப்பும் ஏறத்தாழ அதுவே. இழுத்தால் விமானத்தின் விலை பெரும்பாலும் போகும்; வயலில் இறக்கினால் அது மிஞ்சவும் கூடும். ஆக, வயலில் சூதாடுவது உங்கள் ஏட்டில் அப்படியொன்றும் மோசமான பேரமில்லை. என் மனைவி இந்த வரிகளைப் படித்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போனாள்.

பாரசூட் இருந்தால் விமானிக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிடும் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. தொடக்க ஆண்டுகளில் சிர்ரஸின் மரண விபத்து விகிதம் நன்றாக இல்லை என்பது உண்மை. ஆனால் பலர் கைப்பிடியைத் தொடாமலே இறந்தார்கள். சிர்ரஸ் உரிமையாளர் சங்கமும் சிர்ரஸ் நிறுவனமும் "சீக்கிரம் இழு" என்று திரும்பத் திரும்பப் பழக்கிய பிறகு நிலைமை மாறியது. 2014-இல் மரண விபத்துகளைவிடப் பாரசூட் விரிந்த சம்பவங்களே அதிகம்.

பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாரசூட்டை மாற்ற ஆகும் பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பாலிசியின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: பாரசூட்டை இயக்கிய விமானியிடம் முதல் பகுதித் தொகையை வாங்க மாட்டோம், அந்தச் செயலை அவருடைய தவறாக எண்ண மாட்டோம். விமானத்தில் எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியவனை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், இழுத்ததற்காகக் கேட்காதீர்கள்.

எங்கள் பாலிசி மார்ச் மாதத்தில் மீண்டும் புதுப்பிப்புக்கு வருகிறது. முகவரிடம் அதே கேள்வியைக் கேட்பேன்.

இப்படிக்கு,
கால் பங்கு விமானத்தின் சொந்தக்காரன்