கோபால்ட்டுக்குச் சின்ன ‘ஓ’ போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில் தனிம வரிசை அட்டவணையை முழுப்பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். வண்ணங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் 118 குறியீடுகளையும் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே (கேப்பிட்டல்) போட்டுவிட்டார்கள். எடுப்பாகத் தெரியட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. நக்கீரர் இருந்திருந்தால் இதைச் சொற்குற்றத்தில் சேர்க்க மாட்டார், பொருட்குற்றம் என்றே சொல்லியிருப்பார்.

முதல் எழுத்து பெரியது, இரண்டாவது இருந்தால் அது சிறியது, விதி அவ்வளவுதான். இந்த விதி வருவதற்கு முன் ஆங்கிலேய வேதியியலாளர் டால்டன் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வட்டம் போட்டு, உள்ளே புள்ளியும் கோடும் வைத்துக்கொண்டிருந்தார். சுவீடனின் பெர்சீலியஸ்தான் 1813, 14 வாக்கில் எழுத்துகளைக் குறியீடாக்கினார். ‘சி’யில் தொடங்கும் குறியீடுகள் மட்டும் இன்று 12 இருக்கின்றன. இரண்டாவது எழுத்து இல்லாமல் எப்படிப் பிரிப்பது? அந்த எழுத்து பெரிதாகிவிட்டால், ஒரு தனிமம் இரண்டு தனிமங்கள் சேர்ந்த சேர்மமாக மாறிவிடுகிறது.

கோபால்ட்டையே பாருங்கள். பெரிய ‘சி’, சின்ன ‘ஓ’. உங்கள் அட்டவணையில் அது கார்பன் மோனாக்சைடு, அதாவது மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓடினால் ஆளைக் கொல்லும் வாயு. இன்னும் ஒரு படி போகலாம். ஆய்வகத்தில் கோபால்ட் குளோரைடு தாள் வைத்திருப்போம். உலர்ந்திருந்தால் நீலம், தண்ணீர் பட்டால் இளஞ்சிவப்பு. பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. அதன் வாய்பாட்டில் சின்ன ‘ஓ’வைப் பெரிதாக எழுதினால் பாஸ்ஜீன் ஆகிவிடும். முதல் உலகப் போரில் நச்சு வாயுவால் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அதுதான்.

ஹாஃப்னியம் கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளூரைடாகவும், நொபீலியம் நைட்ரிக் ஆக்சைடாகவும் அச்சாகியிருக்கின்றன. 112ஆம் கட்டத்தில் கோப்பர்நீசியம் இருக்க வேண்டிய இடத்தில் சயனைடு! அதன் குறியீட்டுக்கு ஒரு கதையே உண்டு. கண்டுபிடித்த ஜெர்மன் குழு முதலில் கேட்டது ‘சி’யும் ‘பி’யும். லுட்டீசியத்துக்கு ஜெர்மனியில் முன்பு வழங்கிய காசியோபியம் என்ற பெயருக்கு அந்த எழுத்துகள் ஏற்கெனவே புழங்கியதால், குழப்பம் வரக்கூடாது என்று 2010இல் இரண்டாவது எழுத்தை ‘என்’ ஆக்கினார்கள். வழக்கொழிந்த பெயருக்கே அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் சிரமம் கொஞ்சம் கூடுதல். நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே கிடையாது. போதாக்குறைக்கு ஆங்கில ‘சி’, ‘ஓ’, ‘எஸ்’ மூன்றுக்கும் இரண்டு வடிவமும் ஒன்றுதான், அளவு மட்டுமே வேறு. விடைத்தாளில் அவசரமாக எழுதும்போது இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கோடு போட்ட தாளில் ‘ஓ’ பாதி உயரத்தைத் தாண்டக்கூடாது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் நேரத்தில், பத்திரிகையே இப்படி அச்சடித்தால் என்ன செய்வது?

அந்தப் பக்கத்தைப் பல பிள்ளைகள் வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் அவர்கள் கண்ணில் படாது. அட்டவணையை மறுபடியும் அச்சிடுங்கள், அரைப்பக்கம் போதும். ஹைட்ரஜன், பொட்டாசியம், யுரேனியம் மாதிரி ஒற்றை எழுத்துக் குறியீடுகள் 14 இருக்கின்றன. அவற்றில் கைவைக்க வேண்டாம். மாற்ற வேண்டியவை மற்ற 104தான்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
மன்னார்குடி